குரோமியம் கலந்த நிலத்தடி நீரை நுண்ணுயிரிகளாலும் தாவரக் கழிவுகளாலும் தூய்மைப்படுத்தும் முறை

இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில், 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுமேடு இருக்கிறது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கே திறந்த வெளியில் கொட்டப்பட்டது. ஒவ்வொரு மழைக்கும் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து மண்ணுக்குள் இறங்கியது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது. பாலாற்றங்கரையில் இப்படியொரு நிலத்தடி நீரை வைத்துக்கொண்டு வாழும் மக்களுக்கு, நீரைச் சீர்செய்யும் எந்த முறையானாலும் அதன் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த எண்ணத்தில்தான், கல்லூரி ஆய்வகங்கள், தன்னார்வக் குழுக்கள், உள்ளாட்சிப் பொறியாளர்கள் ஆகியோர் படிப்படியாகச் செய்து பார்க்கத்தக்க வகையில் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே விளக்கப்படும் முறை, மாசுபட்ட நீரை மேலும் பரவாமல் தடுக்கவும் காலப்போக்கில் மண்ணுக்கடியிலேயே சீராக்கவும் உரியது. இதிலிருந்து வெளிவரும் நீரை யாரும் குடிக்கக் கூடாது. கிணற்றில் குரோமியம் இருப்பது உறுதியானால், குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேறு நீர் அன்றைக்கே வர வேண்டும்.

குரோமியம் ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரியாலும் அதை அழிக்க முடியாது, உருவத்தை மட்டுமே மாற்ற முடியும். ஹெக்சாவேலண்ட் குரோமியம் எனப்படும் குரோமியம்-6 நீரில் எளிதாகக் கரைந்து, நீரோடு நீராக ஓடி, உடலணுக்களுக்குள் புகுந்து நஞ்சாகிறது. அதே குரோமியம் மூன்று எலக்ட்ரான்களைப் பெற்றுக் குரோமியம்-3 ஆகும்போது, நடுநிலையான நீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்து மண் துகளோடு ஒட்டிக்கொள்கிறது. நஞ்சுத்தன்மையும் பெருமளவு குறைகிறது. நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல, காற்றில்லாத மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையும் இரும்பையும் சல்பேட்டையும் சுவாசிக்கின்றன. அவற்றுள் பல, வழியில் குரோமியம்-6 கிடைத்தால் அதற்கும் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடுகின்றன. சூடோமோனாஸ், பேசில்லஸ், ஷெவனெல்லா ஆகிய இனங்களில் இத்திறன் நன்கு அறியப்பட்டது. இவற்றை விலைக்கு வாங்கி வந்து ஊற்ற வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் மாசுபட்ட மண்ணிலேயே இவை இருக்கின்றன, ஆனால் உண்ணக் கரிமப் பொருள் இல்லாமல் பட்டினி கிடக்கின்றன. ஆகவே நம் வேலை, வெல்லம், தாவரக் கழிவு போன்ற ஏற்ற உணவை அவற்றுக்கு ஏற்ற வேகத்தில் கொடுத்துக் காற்றை விலக்கிவைப்பதே. புட்டியில் அடைத்த நுண்ணுயிரிக் கலவையை அதிக விலைக்கு விற்க வருபவரிடம், அக்கலவை இல்லாமல் வெறும் உணவை மட்டும் இட்ட சோதனையின் முடிவைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

முதற்படி: நீரில் இருப்பது எது?

ஒரே கிணற்றிலிருந்து இரண்டு புட்டிகளில் நீர் எடுக்க வேண்டும். கிணற்றுக் குழாயில் தேங்கி நின்ற நீரைப்போல் மூன்று மடங்கை முதலில் இறைத்து வெளியேற்றிவிட்டு, அதன் பின் வரும் நீரையே பிடிக்க வேண்டும். மொத்த உலோக அளவுக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 2-க்குக் கீழ் கொண்டுவர வேண்டும். குரோமியம்-6-க்கான புட்டியில் அமிலம் சேர்க்கவே கூடாது. அமிலத்தில், நீரிலுள்ள கரிமப் பொருள்களே குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக மாற்றிவிடும், மாசே இல்லை என்ற பொய்யான முடிவு கையில் கிடைக்கும். அந்தப் புட்டியைப் பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என எல்லை வைத்திருக்கிறது. அந்த அளவில் மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், தெளிந்த நீர் என்று நம்பிவிட இயலாது.

அதே நீரில் கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், சல்பேட், இரும்பு, மாங்கனீசு, ஆர்செனிக், காரத்தன்மை ஆகியவற்றையும் அளந்தாக வேண்டும். செலவு கருதி இவற்றைத் தவிர்க்கச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காற்றில்லாத நிலையை நாம் உண்டாக்கும்போது, மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடும் மாங்கனீசு ஆக்சைடும் கரையத் தொடங்கும். இரும்பு ஆக்சைடோடு ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் அப்போது நீருக்கு வந்துவிடும். வங்காளத்தின் ஆழ்துளைக் கிணறுகளில் ஆர்செனிக் பெருகியதற்கு இந்த வேதிவினையே முதன்மைக் காரணம். குரோமியத்தை நீக்கப்போய் ஆர்செனிக்கை வரவழைத்த நிலை ஏற்படாமல் இருக்க, தொடக்க அளவு கையில் இருக்க வேண்டும்.

பாதரசம் இருக்குமிடத்தில் இம்முறையைத் தொடவே கூடாது. சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீன் வழியாக உணவுச் சங்கிலியில் ஏறும் கொடிய நஞ்சு. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள மண்ணுக்கு இந்த வழி பொருந்தாததற்குக் காரணம் இதுவே. ஈயம், துத்தநாகம், நிக்கல், காட்மியம், செம்பு ஆகியவற்றுக்குப் பொருந்தும், ஆனால் வேறு பாதையில்: பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிட, அதனோடு உலோகம் சேர்ந்து கரையாத சல்பைடாகப் படிகிறது. அதற்கு நீரில் போதிய சல்பேட் இருக்க வேண்டும். 65 மில்லிகிராம் துத்தநாகத்துக்குக் குறைந்தது 96 மில்லிகிராம் சல்பேட் என்பது கணக்கு.

உணவுக் கணக்கு

இந்தப் பகுதியைத் தாளில் எழுதிக் கணக்கிட்டுப் பார்க்காமல் மேற்கொண்டு செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நுண்ணுயிரிகள் முதலில் ஆக்சிஜனையும், அடுத்து நைட்ரேட்டையும், அதை ஒட்டியே குரோமியம்-6-ஐயும் மாங்கனீசையும், பிறகு இரும்பையும், அதன் பின் சல்பேட்டையும் எடுத்துக்கொள்கின்றன. எனவே குரோமியத்துக்கென்று நாம் இடும் உணவில் பெரும்பங்கை மற்றவையே தின்றுவிடும். சர்க்கரைக் கணக்கில், ஒரு கிராம் கரைந்த ஆக்சிஜனைத் தீர்க்க 0.94 கிராமும், ஒரு கிராம் நைட்ரேட்டுக்கு 0.6 கிராமும், ஒரு கிராம் குரோமியம்-6-க்கு வெறும் 0.43 கிராமும், ஒரு கிராம் சல்பேட்டுக்கு 0.63 கிராமும் வேண்டும்.

ஒரு கிணற்று நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் குரோமியம்-6, 5 மில்லிகிராம் ஆக்சிஜன், 45 மில்லிகிராம் நைட்ரேட், 200 மில்லிகிராம் சல்பேட் இருப்பதாகக் கொள்வோம். குரோமியத்துக்கு 4.3 மில்லிகிராம் சர்க்கரை, ஆக்சிஜனுக்கு 4.7, நைட்ரேட்டுக்கு 27. ஆக மொத்தம் 36 மில்லிகிராம். குரோமியத்தின் பங்கு இதில் எட்டில் ஒன்றுகூட இல்லை. சல்பேட் வரை போனால் மேலும் 125 மில்லிகிராம் சேரும். யூரியா மிகுதியாக இடப்படும் வயல்களுக்கு நடுவிலுள்ள கிணறுகளில், குரோமியத்தைவிட நைட்ரேட்டே செலவைத் தீர்மானிக்கிறது என்பது இதிலிருந்து புரியும். உயிரிகள் தம் உடலை வளர்க்கவும் உணவில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால், கணக்கிட்ட அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம். அதாவது, குரோமியம் வரை மட்டும் போக, மேற்சொன்ன நீரில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டு மடங்காக 72 கிராம் சர்க்கரை வேண்டும்; வெல்லம் முழுவதும் சர்க்கரை அன்று என்பதால், ஏறத்தாழ 85 கிராம் வெல்லம் போதும்.

மிகையாக இட்டால் நன்மை மிகும் என்று எண்ணிவிடக் கூடாது. நான் தொடக்கத்தில் செய்த சோதனை ஒன்றில் வெல்லக் கரைசலைக் கணக்கிடாமல் ஊற்றினேன். மூன்றாம் நாள் பி.எச். 5-க்குக் கீழே இறங்கியது, நீர் புளித்த வாடை அடித்தது, குரோமியம்-6 மறைந்தது உண்மைதான், ஆனால் அமிலத்தில் மாங்கனீசும் இரும்பும் கரைந்து, தொடக்கத்தில் இருந்ததைவிட மோசமான நீராக அது முடிந்தது. அதன் பிறகு கணக்குத் தாள் இல்லாமல் நான் ஒரு ஜாடியையும் நிரப்பியதில்லை.

எந்தக் கழிவைத் தேர்வது?

சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு விரைவாகக் கரைந்து விரைவாக உண்ணப்படும் பொருள். ஆழ்துளைக் கிணறு வழியே நிலத்தடிக்குச் செலுத்த ஏற்றது. தமிழ்நாட்டில் கழிவுப்பாகை வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும் என்பதால், சிறிய சோதனைகளுக்குக் கழித்துப்போட்ட மட்டமான வெல்லமே தொல்லையில்லாதது.

மாசுபட்ட நீர் ஊடே கடந்துபோகும்படி கழிவுகளை நிரப்பி அமைக்கும் நீண்டகாலப் படுகைக்கு, மூன்று வேகத்தில் கரையும் பொருள்களைக் கலக்க வேண்டும். சாணமும் சாண எரிவாயுக் கலனின் கசடும் முதல் சில வாரங்களுக்கு உணவாகும், நுண்ணுயிரிகளையும் கொண்டுவரும். வைக்கோலும் கரும்புச் சக்கையும் சில மாதங்கள் தாங்கும். மரச்சீவலும் தென்னை நார்க்கழிவும், எளிதில் மட்காத லிக்னின் என்ற மரப்பொருள் மிகுந்தவை என்பதால், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உணவளிக்கும். மரத்தூளைவிடச் சீவலே மேல். தூள் படிந்து இறுகி நீரோட்டத்தை அடைத்துவிடும். ஒட்டுப்பலகைத் தூள், மருந்தடித்த மரம், வார்னிஷ் பூசிய மரம் ஆகியவற்றைத் தச்சுப் பட்டறையிலேயே பிரித்து ஒதுக்கிவிட வேண்டும்.

தென்னை நார்க்கழிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பொள்ளாச்சி முதல் பேராவூரணி வரை கயிறு ஆலைகளின் ஓரத்தில் மலைபோல் குவிந்திருக்கும் இப்பொருள் இந்த வேலைக்கு மிகவும் உகந்தது. ஆனால் அப்படியே எடுத்துப் போட்டால் ஏமாற்றும். புதிய நார்க்கழிவில் உப்பும், டானின் எனப்படும் துவர்ப்புப் பொருளும் மிகுதி. டானினுக்கு ஒரு நற்பண்பும் உண்டு: நுண்ணுயிரியின் உதவியே இல்லாமல் அது குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக்கும், அமிலத்தன்மையுள்ள நீரில் இன்னும் விரைவாக ஆக்கும். ஆனால் அந்த ஆற்றல் சில வாரங்களில் தீர்ந்துவிடும். முதல் வார முடிவைப் பார்த்து மகிழ்ந்து, மூன்றாம் மாதத்தில் கைவிடப்பட்ட சோதனைகள் பல இப்படிப்பட்டவையே. நார்க்கழிவை மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்த நீரிலுள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் குழாய்நீரின் அளவுக்கு அருகில் வந்த பிறகு, சாணக் கரைசல் தெளித்து இரண்டு மாதம் மட்கவைத்துப் பயன்படுத்த வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் தேநீர்ச் சாயம்போல் வடியாமல் வெளிர் பழுப்பாக ஓரிரு சொட்டு மட்டும் வருவதே பக்குவம்.

தொடக்க நுண்ணுயிரி தேவையென்றால், எப்போதும் நீர் நிற்கும் நெல்வயலின் அடிச்சேற்றை ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுக்கலாம். கருநிறமும் அழுகிய முட்டை வாடையும் உள்ள சேறு, சல்பேட்டைச் சுவாசிக்கும் உயிரிகள் அங்கே வேலை செய்துகொண்டிருப்பதற்கு அடையாளம். மாசுபட்ட இடத்தின் மண்ணையும் அதனோடு கலக்க வேண்டும். குரோமியத்தைத் தாங்கிப் பழகிய உயிரிகள் அதில்தான் இருக்கும்.

ஜாடிச் சோதனை

மூடி இறுக்கமான ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டிகள் பதினைந்து வேண்டும். ஐந்து வகை, வகைக்கு மூன்று. முதல் வகையில் கிணற்று நீர் மட்டும். இரண்டாவதில் நீரும் 100 கிராம் அந்த இடத்து மண்ணும். மூன்றாவதில் நீர், மண், கணக்கிட்ட தாவரக் கழிவு. நான்காவதில் இவற்றோடு ஒரு கரண்டி வயல்சேறு. ஐந்தாவதில், மூன்றாவது வகையில் உள்ள மண்ணையும் கழிவையும் பிரஷர் குக்கரில் மூன்று நாள் தொடர்ந்து, நாளுக்கு 20 நிமிடம் வேகவைத்து, உயிரிகளைக் கொன்ற பின் இட வேண்டும். இந்த வேகவைத்த புட்டியிலும் குரோமியம் அதே வேகத்தில் குறைந்தால், வேலையைச் செய்தது டானின், உயிரி அன்று என்று பொருள். இதைச் செய்யாத சோதனையிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது. குக்கரை அதன் பின் சமையலறைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. குரோமியம் கலந்த மண்ணைக் கையாளும்போது கையுறை கட்டாயம். காய்ந்த மண்ணின் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, குரோமியம்-6 தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும்.

புட்டிகளைக் கழுத்து வரை, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, இருட்டான அலமாரியில் வைக்க வேண்டும். முதல் நாள், இரண்டாம் நாள், ஐந்து, பத்து, இருபது, முப்பதாம் நாள்களில் சிரிஞ்சால் சிறிதளவு நீர் எடுத்து, 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து அளக்க வேண்டும். குரோமியம்-6-க்கு டைஃபீனைல் கார்பசைடு வினைபொருளைச் சேர்த்தால், அமில ஊடகத்தில் செவ்வூதா நிறம் வரும். அதை 540 நானோமீட்டரில் நிறமானியால் அளப்பது வழக்கம். தாவரக் கழிவின் பழுப்பு நிறம் இந்த அளவீட்டில் குறுக்கிடும் என்பதால், வினைபொருள் சேர்க்காத அதே நீரின் நிற அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

நல்ல சோதனையில் நிகழ்வது இதுதான்: முதல் ஓரிரு நாள் மாற்றமே இருக்காது, அப்போது உயிரிகள் ஆக்சிஜனையும் நைட்ரேட்டையும் தின்றுகொண்டிருக்கும். பிறகு ஒரு காலையில் மூன்றாவது, நான்காவது வகைப் புட்டிகளின் மஞ்சள், அடிமண்ணை ஒட்டிய விளிம்பிலிருந்து வெளுக்கத் தொடங்கி, மேல்நோக்கி ஏறும். பக்கத்தில் நிற்கும் முதல் வகைப் புட்டி அப்போதும் அதே மஞ்சளாக இருக்கும். முதன்முதலில் இதைப் பார்த்த நாளில் அந்த இரண்டு புட்டிகளையும் சன்னல் வெளிச்சத்தில் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறம் மறைந்ததோடு வேலை முடிவதில்லை. மொத்தக் கரைந்த குரோமியமும் குறைந்திருக்க வேண்டும். குரோமியம்-6 சுழியமாகி, மொத்தக் கரைந்த குரோமியம் குறையாமல் நின்றால், குரோமியம்-3 கரிம அமிலங்களோடு பிணைந்து நீரிலேயே தங்கியிருக்கிறது. கழிவின் அளவைக் குறைக்கவோ, பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கும்படி கிளிஞ்சல் தூள் சேர்க்கவோ வேண்டும்.

டிரம் படுகை

ஜாடி தேறிய பிறகு, 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் ஓடும் நீரைச் சோதிக்கலாம். அடியில் 10 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பி, அதற்குள் நீர் நுழையும் குழாயைப் பதித்து, மேலே கலவையை நிரப்ப வேண்டும். கலவையின் கொள்ளளவில் பாதி 10 முதல் 12 மில்லிமீட்டர் ஜல்லியும் கிளிஞ்சலுமாக இருக்கட்டும். மீதிப் பாதியில் மட்கிய நார்க்கழிவு இரண்டு பங்கு, மரச்சீவல் இரண்டு பங்கு, கரும்புச் சக்கை ஒரு பங்கு, சாண எரிவாயுக் கசடும் வயல்சேறும் சேர்ந்து ஒரு வாளி. ஜல்லியைக் குறைத்துக் கழிவைக் கூட்டினால் இரண்டே மாதத்தில் படுகை அடைத்துக்கொள்ளும். நீர் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறி, மேல்விளிம்பில் வழிய வேண்டும். அப்போதுதான் படுகை எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும், உள்ளே உண்டாகும் வாயுவும் மேலே போய்விடும்.

நிரப்பியதும் நீரை ஓடவிடாமல் பத்துப் பதினைந்து நாள் தேக்கி வைக்க வேண்டும். ஆக்சிஜன் தீர்ந்த நிலையை மில்லிவோல்ட்டில் காட்டும் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்த மீட்டர் சுழியத்துக்குக் கீழே போனதும் ஓட்டத்தைத் தொடங்கலாம். குரோமியத்துக்குப் பொதுவாக அதுவே போதும், நிக்கல், துத்தநாகம் போன்றவற்றுக்குக் கழித்தல் 150 முதல் 200 மில்லிவோல்ட் வரை இறங்கக் காத்திருக்க வேண்டும். டிரம்மில் அடிஜல்லியும் கலவையுமாக 180 லிட்டர் இருந்தால் அதன் இடைவெளிகளில் ஏறத்தாழ 90 லிட்டர் நீர் நிற்கும். அந்த நீர் மூன்று நாள் உள்ளே தங்க வேண்டுமென்றால், நாளுக்கு 30 லிட்டர், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 20 மில்லி வீதம் விட வேண்டும். குழாய்த் திருகை நம்பாமல், அளவுக் குவளையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து, பத்து நிமிடத்தில் 200 மில்லி சேர்கிறதா என்று நாள்தோறும் சரிபார்க்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் வெளிவரும் நீர் பழுப்பாகவும் கரிமப் பொருள் மிகுந்தும் இருக்கும்; அதைத் திரும்ப நுழைவுத் தொட்டிக்கே அனுப்பிவிடுவது நல்லது. அதன் பிறகும், வெளிவரும் நீரைப் படிப்படியாக வழியவிட்டுக் காற்றூட்டி, ஒரு மணற்படுகை வழியே செலுத்தினால், கரைந்துவந்த இரும்பும் மாங்கனீசில் ஒரு பகுதியும் அங்கே படிந்துவிடும், வாடையும் நீங்கும். கூரையில்லாத, காற்றோட்டமான இடத்திலேயே இவையெல்லாம் நடக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு மிகும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும். ஆகவே வாடையில்லை என்று நம்பி மூடிய தொட்டிக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது, விழுந்த பொருளை எடுப்பதற்காகக்கூட இறங்கக் கூடாது.

உணவு எவ்வளவு காலம் தாங்கும் என்பதையும் கணக்கிடலாம். நாளுக்கு 30 லிட்டர் வீதம், லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் சல்பேட் உள்ள நீர் ஓடி, அது முழுவதும் சுவாசிக்கப்பட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கிலோ சர்க்கரைக்கு ஈடான கரிமப் பொருள் தீரும். டிரம்மிலுள்ள காய்ந்த கழிவின் எடையில் உயிரிகளுக்கு எட்டக்கூடியது ஒரு பகுதியே என்பதை மனத்தில் வைத்து, இரண்டாம் ஆண்டு முடிவில் கலவையை மாற்றத் திட்டமிட வேண்டும்.

களத்துக்குப் போகும்போது

கனடாவில் சட்பரிக்கு அருகிலுள்ள நிக்கல் ரிம் சுரங்கத்தில், 1995-இல் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிலத்தடி நீரோட்டத்துக்குக் குறுக்கே, ஏறத்தாழ 15 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமுமான அகழியைத் தோண்டி, நகராட்சி உரம், இலைமட்கு, மரச்சீவல் ஆகியவற்றைச் சரளையோடு கலந்து நிரப்பினார்கள். லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம் இரும்போடு அதற்குள் நுழைந்த சுரங்கக் கழிவுநீர், பெருமளவு இரும்பை இழந்து, அமிலத்தன்மையும் தணிந்து வெளிவந்தது. மணற்பாங்கான அந்த இடத்தில் அகழியின் அடி, பாறை வரை எட்டியது. இரு பக்கமும் பாறையே கரையாக இருந்தது. நீருக்கு வேறு வழி இல்லை.

இராணிப்பேட்டையின் நிலம் அப்படிப்பட்டதன்று. மேலே சிதைந்த பாறையும், கீழே வெடிப்புகள் ஓடிய கடும்பாறையும் உள்ள இடத்தில், அகழித் தடுப்பை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் நீர் பாறை வெடிப்பு வழியாக அடியில் புகுந்து போய்விடும். சிதைந்த மேல்படலம் பருமனாக இருக்கும் தாழ்வான பகுதிகளில் மட்டுமே அகழி பயன்படும் என்பது என் கருத்து. மற்ற இடங்களில், கரையும் உணவைக் கிணறுகள் வழியே செலுத்துவதோ, நீரை இறைத்து நிலத்தின் மேல் பெரிய படுகைகளில் சீர்செய்வதோ பொருந்தும்.

செலுத்தும் முறைக்குக் கலிபோர்னியாவின் ஹிங்க்லி நல்ல பாடம். எரிவாயு அழுத்த நிலையம் ஒன்று 1952 முதல் 1964 வரை குளிர்விக்கும் நீரில் கலந்த குரோமியம்-6-ஐக் குட்டைகளில் விட்டதால், அங்கே நிலத்தடி நீர் கெட்டது. பிற்காலத்தில் கிணறுகள் வழியே எத்தனால் செலுத்தி, மண்ணின் நுண்ணுயிரிகளைத் தூண்டிக் குரோமியத்தைப் படியவைத்தார்கள். அதோடு, மாசு குறைவாக இருந்த நீரை இறைத்துக் குதிரை மசால் வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். வேர்ப்பகுதியின் கரிமப் பொருளும் உயிரிகளும் குரோமியம்-6-ஐ அங்கேயே பிடித்துவைத்தன. எத்தனால் செலுத்திய பகுதிகளில் மாங்கனீசும் ஆர்செனிக்கும் கரைந்து வந்தன. அவற்றையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியதாயிற்று.

செலுத்தும்போது உணவைச் சொட்டுச் சொட்டாக இடைவிடாமல் விட்டால், கிணற்று வாயிலேயே உயிரிப் படலம் வளர்ந்து அடைத்துவிடும். வாரம் ஒரு முறை செறிவான கரைசலாக விட்டு, அதன் பின் வெறும் நீரை விட்டு உள்ளே தள்ளுவது மேல். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் நிலத்துக்குள் எதையும் செலுத்தக் கூடாது. கீழ்ப்பக்கம் யாருடைய கிணறுகள் இருக்கின்றன என்பதைக் கணக்கெடுத்து, அந்தக் குடும்பங்களிடம் நேரில் விளக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். கழிவுமேட்டை மூடி மழைநீரைத் திருப்பிவிடாமல் கீழே நீரைச் சுத்தம் செய்துகொண்டிருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுவதற்குச் சமம் என்பதையும் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

பிறகு

தீர்ந்த கலவை எரு அன்று. கருத்து மட்கி, நல்ல தொழுவுரம்போலத் தோன்றும் அதில் நாம் பிடித்துவைத்த உலோகம் முழுவதும் இருக்கிறது. அதை வயலில் போடக் கூடாது; எரிக்கவும் கூடாது, ஏனெனில் காரத்தன்மையுள்ள சாம்பலில் குரோமியம்-3 மீண்டும் குரோமியம்-6 ஆகும். மூட்டையில் கட்டி, பெயரும் நாளும் எழுதி, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற ஆபத்துக் கழிவுப் புதைகுழிக்கு அனுப்ப வேண்டும். அதற்கான செலவு முதல் நாள் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.

நிலத்தடியில் படிந்த குரோமியம்-3 நிலையாக இருக்கிறதா என்பதைக் கோடையே காட்டும். நீர்மட்டம் இறங்கி, மண்ணுக்குள் காற்றுப் புகும்போது, மாங்கனீசு ஆக்சைடுகள் ஒரு பகுதியைத் திரும்பக் குரோமியம்-6 ஆக்கக்கூடும். அதனால் மாசு மேட்டுக்கு மேற்பக்கம் ஒன்று, சீர்செய்யும் பகுதிக்குள் இரண்டு, கீழ்ப்பக்கம் வெவ்வேறு தொலைவில் மூன்று என, குறைந்தது ஆறு கண்காணிப்புக் கிணறுகளில் மாதந்தோறும் குரோமியம்-6, மொத்தக் குரோமியம், மாங்கனீசு, இரும்பு, ஆர்செனிக், நைட்ரேட், சல்பேட், பி.எச். ஆகியவற்றை அளந்து, எல்லோரும் பார்க்கும்படி ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். கீழ்ப்பக்கக் கிணறுகளில் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய பிறகு உணவிடுவதை நிறுத்தி, ஒரு வடகிழக்குப் பருவமழையும் இரண்டு கோடைகளும் கடக்கும் வரை அதே அளவீட்டைத் தொடர வேண்டும். இடையில் ஒரு கிணற்றில் அளவு ஏறினாலும், அந்தக் கிணற்றை ஒட்டிய பகுதிக்கு மட்டும் மறுபடி உணவு செலுத்தி, காலக்கணக்கை அன்றிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.